அப்பத்தா கை மேல் தப்பில்லை: பிடி ரப்பர் தேய்ந்தால் சரிசெய்வது எப்படி?



இந்த மாதம் அறிவியல் பகுதிக்கு எழுதச் சொல்லி டீச்சர் என்னிடம் கொடுத்தார்கள். ராக்கெட் பற்றி எழுதலாமா என்று முதலில் நினைத்தேன். பிறகு எங்க வீட்டில் நடந்ததையே எழுதுவோம் என்று முடிவு செய்தேன். ஏனென்றால் இது உங்கள் வீட்டிலும் நடந்துகொண்டிருக்கலாம்.

எங்க அப்பத்தாவுக்கு வயது 71. தினமும் காலை நாலரை மணிக்குத் தொழுவத்துக்குப் போய்ப் பால் கறப்பாங்க. வீட்டுக்கும் தொழுவத்துக்கும் நடுவில் விளக்குக் கம்பம் கிடையாது. ஒரு கையில் தூக்குவாளி, மறு கையில் சார்ஜ் போடுகிற டார்ச் லைட். மாசி மாதம் ஒருநாள் டார்ச் கையை விட்டு நழுவி உருண்டு அணைந்துவிட்டது. இருட்டில் தேடப் போய், கல்லில் கால் பிசகி விழுந்துட்டாங்க. கணுக்கால் வீங்கிப் பத்து நாள் நடக்க முடியவில்லை.

"டார்ச்சக் குத்தம் சொல்லாதீக. என் கையிலதான் புடி இல்ல. வயசாகிப் போச்சுல்ல" என்றார் அப்பத்தா. "அப்ப மாட்டைக் குடுத்துருவோம் ஆத்தா. இனிமே இருட்டுல நீ போக வேணாம்" என்றார் அப்பா. அப்பத்தா பதில் பேசவில்லை. ஆனால் அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவும் இல்லை.

கையா? பிடியா?

எனக்கு ஒரு சந்தேகம். டார்ச்சை எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். கைப்பிடியில் இருந்த கருப்பு ரப்பர், பாதி இடத்தில் வெல்லப்பாகு போலப் பிசுபிசு என்று இருந்தது. மீதி இடத்தில் வரிகள் எல்லாம் தேய்ந்து வழுவழு என்று ஆகியிருந்தது. கையை நனைத்துக்கொண்டு பிடித்தேன். எனக்கும் நழுவியது. தம்பிக்கும் நழுவியது. அம்மாவுக்கும் நழுவியது.

அப்பத்தாவுக்குக் கால் சரியானதும் இன்னொரு சோதனை வைத்தேன். ஒரு ஈரத் துண்டை நான் என் பலம் முழுவதும் போட்டுப் பிழிந்தேன். பிறகு அதையே அப்பத்தாவிடம் கொடுத்தேன். அவங்க ஒரு முறுக்கு முறுக்கினாங்க. மறுபடியும் தண்ணீர் சொட்டியது! கையில் பிடி இல்லாதவங்க பிழிந்தால் சொட்டுமா? ஆக, தப்பு அப்பத்தா கையில் இல்லை. டார்ச்சின் பிடியில்தான்.

வகுப்பில் உராய்வு விசை படித்தோம் அல்லவா? நாம் ஒரு பொருளைப் பிடிப்பது என்பதே உராய்வுதான். ரப்பர் மெத்தென்று இருப்பதால் நம் விரல் ரேகைக்குள்ளும் சிறு மேடு பள்ளங்களுக்குள்ளும் பதிந்து நன்றாகக் கவ்வுகிறது. அதில் உள்ள வரிகள் வியர்வையும் தண்ணீரும் வடிந்து ஓட வாய்க்கால் போல உதவுகின்றன. வரி தேய்ந்தால் தண்ணீர் நடுவில் நின்று வழுக்கும். எண்ணெய் இருந்தால் கேட்கவே வேண்டாம். அப்பத்தா கறப்பதற்கு முன் கையில் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்வாங்க. அதே கையோடு டார்ச்சைப் பிடிப்பாங்க. பல வருட எண்ணெய் அந்தப் பிடியில் ஊறியிருக்கிறது.

ரப்பர் ஏன் கெட்டுப் போகிறது?

ரப்பர் மரத்தின் பாலில் இருந்து இயற்கை ரப்பர் கிடைக்கிறது. நம் மாநிலத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டங்கள் உண்டு. பக்கத்தில் கேரளாவில் இன்னும் அதிகம். ஆனால் பாலை உறைய வைத்தால் மட்டும் நல்ல ரப்பர் ஆகிவிடாது. அது வெயிலில் இளகி ஒட்டும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் குட்இயர் என்பவர், ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை போய்விடும் என்று கண்டுபிடித்தார். 1844இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இதற்கு வல்கனைசேஷன் என்று பெயர்.

இதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். ரப்பர் என்பது நீள நீளமான நூல் போன்ற மூலக்கூறுகள். சும்மா குவித்து வைத்த நூலை இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். அதையே மீன் வலை போல அங்கங்கே முடிச்சுப் போட்டால்? இழுத்தால் விரியும், விட்டால் பழையபடி வரும். அந்த முடிச்சுதான் கந்தகம்.

வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் நூல்களை அறுக்கின்றன. ரப்பர் வெடிக்கிறது. நாள்பட்ட சூடு பட்டால் தேவைக்கு மேல் முடிச்சு விழுகிறது. ரப்பர் கல் மாதிரி ஆகிறது. எண்ணெய் நூல்களுக்கு நடுவில் புகுந்துகொள்கிறது. ரப்பர் ஊதி, பலம் இழக்கிறது.

இப்போது வரும் டார்ச், கத்தி, கை மிக்சர் போன்ற பல பொருட்களின் பிடி, மரத்துப் பால் ரப்பர் இல்லை. ரப்பர் போன்ற மெத்தென்ற பிளாஸ்டிக் அல்லது அதன் மேல் பூச்சு. அது ஈரம், சூடு, கை எண்ணெய் பட்டுப் பட்டு நாளடைவில் பிசுபிசுப்பாகிறது. எங்க டார்ச்சுக்கு ஆனது இதுதான்.

நான் செய்து பார்த்த சோதனை

ஒரே பாக்கெட்டில் இருந்து நான்கு ரப்பர் பேண்டு எடுத்தேன். எல்லாம் மடித்த நீளம் 7 செ.மீ. 20 நாள் கழித்துப் பார்த்தேன்.

1. டப்பாவுக்குள் இருட்டில் வைத்தது: மாற்றம் இல்லை.
2. தண்ணீரில் போட்டது: மேலே கொஞ்சம் வெளுத்தது. பலம் குறையவில்லை.
3. தேங்காய் எண்ணெயில் போட்டது: தடித்து 7.6 செ.மீ. ஆனது. இழுத்ததும் பட்டென்று அறுந்தது.
4. ஓட்டின் மேல் வெயிலில், ஒரு குச்சியில் இழுத்து மாட்டி வைத்தது: குறுக்கே குறுக்கே வெடித்து, எடுக்கும்போதே இரண்டானது.

இதில் இருந்து தெரிவது: ரப்பருக்குப் பெரிய எதிரி தண்ணீர் இல்லை. எண்ணெயும் வெயிலும்தான்.

டார்ச் பிடியைச் சரிசெய்த முறை

தேவையானவை: பழைய சைக்கிள் டியூப், கத்தரிக்கோல், நூல், அளவுகோல், பழைய துணி, கொஞ்சம் ஸ்பிரிட், சோப்புத் தண்ணீர் சில சொட்டு.

1. டார்ச்சை அணைத்து, சார்ஜிலிருந்து கழற்றி வைக்கவும்.
2. துணியில் ஸ்பிரிட் தொட்டுப் பிசுபிசுப்பைத் துடைத்து எடுக்கவும். ஊற்றக் கூடாது. அடுப்பு, விளக்கு பக்கத்தில் செய்யக் கூடாது. ஸ்பிரிட் குப்பென்று பற்றிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்து வைத்து, பெரியவர்கள் கூட இருக்கும்போது செய்யவும்.
3. பிடியைச் சுற்றி நூலைக் கட்டி அளக்கவும். எங்க டார்ச்சின் விட்டம் 3 செ.மீ. சுற்றளவு 3 × 3.14 = 9.42. நூல் அளவும் கிட்டத்தட்ட அதுதான் வந்தது. கணக்கு டீச்சர் சொன்னது பொய் இல்லை!
4. டியூபைத் தட்டையாக வைத்து அகலம் பார்க்கவும். எனக்குக் கிடைத்தது 4.2 செ.மீ. இரண்டு பக்கமும் சேர்த்தால் சுற்றளவு 8.4. பிடியை விட 1 செ.மீ. குறைவு. அப்படித்தான் இருக்க வேண்டும். சமமாக இருந்தால் சுழலும். ரொம்பக் குறைவாக இருந்தால் இழுபட்டே நிற்கும். இழுபட்ட ரப்பர் சீக்கிரம் வெடிக்கும் என்று நான்காவது பேண்டு சொன்னது ஞாபகம் இருக்கிறதா?
5. தேவையான நீளத்தை விட 1 செ.மீ. கூடுதலாக வெட்டவும். அகலத்தில் விரியும்போது நீளம் குறையும். இது தெரியாமல் முதல் துண்டை நான் வீணாக்கினேன்.
6. உள்பக்கம் சோப்புத் தண்ணீர் தடவி, சாக்ஸ் மாட்டுவது போலச் சுருட்டி ஏற்றவும். காய்ந்ததும் கவ்விக்கொள்ளும்.
7. சுவிட்சும் சார்ஜ் போடும் ஓட்டையும் வரும் இடத்தை வெட்டி விடவும்.
8. மிச்சம் இருந்த டியூபில் மெல்லிய வளையங்கள் வெட்டி, விரலுக்கு நடுவில் வருகிற மாதிரி மூன்று வளையம் மாட்டினேன். அதுதான் புது வரி.

டியூப் தந்த சைக்கிள் கடை மாமா காசு வாங்கவில்லை. "பஞ்சராகிப் போனதுதானே பாப்பா, எடுத்துக்க" என்றார்.

மிக்ஸி ஓடும்போது நகர்கிறதா?

அடியில் உள்ள நான்கு ரப்பர் புஷ்தான் காரணம். பிளக்கைப் பிடுங்கி, ஜாரை எடுத்துவிட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். முதலில் புஷ்களை மட்டும் சோப்புத் துணியால் துடையுங்கள். மாவும் எண்ணெயும் படிந்துதான் பாதி வீட்டில் வழுக்குகிறது. மேல் தோல் இறுகியிருந்தால் உப்புத்தாளால் தேய்த்தால் உள்ளே இருக்கும் நல்ல ரப்பர் வெளிவரும். தேய்ந்தே போயிருந்தால் புது புஷ் வாங்கி மாட்டுவது நல்லது.

கிடைக்காவிட்டால், புஷ்ஷின் மேல் டியூப் வட்டம் ஒட்டலாம். இரண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டு, பஞ்சர் சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத அளவு காயும் வரை பொறுத்து, பிறகு அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் நிற்காது. நான் அவசரப்பட்டு ஒருமுறை கெடுத்தேன். நான்கு காலுக்கும் ஒரே தடிமன் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மிக்ஸி ஆடும். அடியில் உள்ள காற்று ஓட்டையை மூடிவிடாதீர்கள். மோட்டார் சூடாகும்.

இதையெல்லாம் ஒட்டுப் போடவே கூடாது!

* குக்கர் கேஸ்கட், குக்கர் சேஃப்டி வால்வு: புதிதுதான் மாற்ற வேண்டும்.
* காஸ் அடுப்பு டியூப்: அதன் மேல் தேதி அச்சிட்டிருக்கும். 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெடிப்பு தெரிந்தால் அதற்கு முன்பே.
* அயர்ன் பாக்ஸ், மிக்ஸி ஒயர் உள்ளே நுழையும் இடத்து ரப்பர்: அங்கே வெடித்திருந்தால் டேப் சுற்றி ஓட்டாதீர்கள். தெரிந்தவரிடம் கொடுத்து ஒயரை மாற்றுங்கள்.

பிடி நழுவினால் பொருள் விழும். இவை போனால் உயிர் போகும். மிச்சம் பிடிப்பது வேறு, ஆபத்தை வளர்ப்பது வேறு.

உங்களுக்குத் தெரியுமா?

ஆங்கிலத்தில் 'ரப்' என்றால் தேய்ப்பது. பென்சில் எழுத்தை இது நன்றாக அழிக்கிறது என்று 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் விஞ்ஞானி எழுதினார். தேய்த்து அழிப்பதால்தான் 'ரப்பர்' என்ற பெயரே வந்தது. நம் ஜியாமெட்ரி பாக்ஸில் இருப்பதுதான் பெயருக்குச் சொந்தக்காரர்!

முடிவாக

டார்ச்சை அப்பத்தாவிடம் கொடுத்தேன். கையில் தண்ணீர் தொட்டுக்கொண்டு பிடித்துப் பார்த்தாங்க. எண்ணெய் தொட்டுக்கொண்டு பிடித்துப் பார்த்தாங்க. தலைகீழாக ஆட்டிப் பார்த்தாங்க. பிறகு அப்பாவைப் பார்த்து, "என் கை நல்லாத்தான்டா இருக்கு" என்றாங்க. அப்பா சிரித்துவிட்டார்.

மாட்டை விற்கிற பேச்சு இப்போது இல்லை. ஆனால் அப்பா, தொழுவத்து வழியில் கிடந்த கல்லை எல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டார். நான் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். கறந்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் டார்ச்சைத் தொட வேண்டும். டியூபும் ரப்பர்தானே, எண்ணெய் பட்டால் அதுவும் ஒருநாள் கெடும். வாரம் ஒருமுறை நான் துடைத்து வைக்கிறேன். டார்ச்சை வெயில் படும் திண்ணையில் வைப்பதையும் நிறுத்திவிட்டோம்.

நண்பர்களே, உங்க வீட்டில் தாத்தாவோ பாட்டியோ ஒரு பொருளைக் கீழே போட்டுவிட்டால், "வயசாயிருச்சு" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். முதலில் அந்தப் பொருளை வாங்கி, நீங்கள் ஈரக் கையோடு பிடித்துப் பாருங்கள்.

செய்து பாருங்கள்: இன்று மாலை வீட்டில் எத்தனை ரப்பர் பிடி, ரப்பர் கால் இருக்கிறது என்று எண்ணுங்கள். அதில் ஒட்டுவது எத்தனை, இறுகியது எத்தனை, வெடித்தது எத்தனை என்று எழுதி வாருங்கள். எங்க வீட்டில் மொத்தம் 11. கெட்டது 4. உங்கள் கணக்கை இந்தத் தாளுக்குக் கீழே உள்ள காலி இடத்தில் எழுதலாம். பென்சிலால் எழுதுங்கள், தப்பாக இருந்தால் ரப்பர் இருக்கிறது!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி