மிஞ்சுகிற பாலில் வீட்டுப் பனீர்

ரெண்டு மாடு, மூணு மாடு வைத்திருக்கிற வீட்டில் பால் எப்போதும் ஒரே அளவாக இருக்காது. கன்று போட்ட முதல் ரெண்டு மூணு மாதம் பால் பெருகும். ஊற்றுகிற இடத்தில் கொழுப்பு குறைவு என்று விலையைக் குறைப்பாங்க. சில நாள் வண்டியே வராது. தயிர், மோர், நெய் என்று எடுத்த பிறகும் பால் மிஞ்சும். அதைப் பனீராக்க எலுமிச்சையும் சுத்தமான பழைய வேட்டித் துணியும் போதும்.

சீஸ் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மாதக்கணக்கில் பக்குவப்படுத்தும் மஞ்சள் கட்டி. அதற்கு ரென்னெட் என்ற நொதி வேண்டும், குளுமையான அறை வேண்டும். நம்ம வெயிலுக்கு அது பெரிய வேலை. பனீரும் பாலாடைக்கட்டிதான், ஆனால் புளிப்பை ஊற்றித் திரிய வைப்பதால் ஒரே காலைப் பொழுதில் முடிந்துவிடும்.

எந்தப் பாலை எடுக்கிறோம் என்பது முக்கியம். மடிநோய் வந்த மாட்டின் பாலும், ஆன்டிபயாடிக் ஊசி போட்டு மருத்துவர் சொன்ன நாள் கழியாத பாலும் கூடவே கூடாது. சீம்பால் சுட வைத்ததுமே கட்டியாகிவிடும், அதுவும் ஆகாது. எருமைப் பாலில் பனீர் கெட்டியாக, கூடுதலாக வரும். பசும்பாலில் கொஞ்சம் மிருதுவாக இருக்கும்.

5 லிட்டர் பாலை அடிகனமான பாத்திரத்தில் அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே ஒரு கொதி வர விடுங்க. பிறகு அடுப்பிலிருந்து இறக்கி, ஐந்தாறு நிமிஷம் ஆற விடணும். இந்த இடத்தில்தான் நான் முதல் தடவை தப்பு செய்தேன். கொதிக்கக் கொதிக்கப் புளிப்பை ஊற்றி, விடாமல் கிளறினேன். வந்தது பனீரில்லை, ரப்பர்! வீட்டில் யாரும் தொடலை, நாய்தான் தின்றது.

ஆறியதும் ஐந்தாறு எலுமிச்சைச் சாறை வெதுவெதுப்பான தண்ணியில் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மெதுவாகத் திருப்பிவிடுங்க. பால் திரிந்து, பச்சை கலந்த மஞ்சளாய்த் தெளிந்த தண்ணி பிரிந்தால் அதோடு நிறுத்துங்க. சாறு மீதி இருக்கே என்று ஊற்றினால் புளிக்கும். தண்ணி இன்னும் வெள்ளையாக இருந்தால்தான் இன்னும் கொஞ்சம் தேவை.

பத்து நிமிஷம் அசையாமல் வைத்துத் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணியில் ஒரு அலசு அலசி, மூட்டையாகக் கட்டி, மேலே அம்மிக்குழவியை முக்கால் மணி நேரம் வைத்தால் கட்டி தயார். குளிர்ந்த தண்ணியில் ரெண்டு மணி நேரம் போட்டால் வெட்ட வரும். ஃப்ரிட்ஜில் தினமும் தண்ணி மாற்றி வைத்து நாலைந்து நாளுக்குள் சாப்பிடலாம். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் அன்றைக்கே சமைத்துடணும்.

வடித்த தண்ணியைச் சாக்கடையில் விடாதீங்க. 5 லிட்டருக்குக் கிட்டத்தட்ட 4 லிட்டர் கிடைக்கும். பாலின் சர்க்கரையும் தாதுக்களும் அதில்தான் போகுது. சப்பாத்தி மாவு பிசையலாம், ரசத்துக்கு ஊற்றலாம். ஒரு நாள் புளிக்க வைத்தால் அடுத்த பனீருக்கு எலுமிச்சை வேண்டாம், அதையே சூடாக்கி ஊற்றித் திரிய வைக்கலாம். ஆறியதை மாட்டுத் தீவனத்தில் கொஞ்சமாகக் கலந்து கொடுக்கலாம். ஒரேயடியாக ஊற்றினால் வயிறு கெடும்.

விற்கணும் என்றால் முதலில் கணக்குப் போடுங்க. பசும்பால் என்றால் ஒரு கிலோ பனீருக்கு ஆறேழு லிட்டர் பிடிக்கும். பால் லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தால் 7 லிட்டர் 245 ரூபாய். அதற்கு மேல் விறகு, எலுமிச்சை, உங்க வீட்டுப் பெண்களின் உழைப்பு. கடைசியாகச் சொன்னதை நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை. கடையில் தாவரக் கொழுப்பு கலந்த போலியும் மலிவாக வருது, அந்த விலைக்கு நம்மால் இறங்க முடியாது. அதனால் வாரம் ஒரு நாள், முன்கூட்டிச் சொல்லிவைத்த வீடுகளுக்கு மட்டும் என்று தொடங்குங்க. அதற்கு முன்னாடி உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளணும்.