அயல் மரபணுவும் குரோமாட்டின் அமைப்பும்

ஒரு விலங்கின் உடலில் வேற்று மரபணுவைச் சேர்ப்பது ஒரு பணி. அதனை அங்கு இயங்கச் செய்வது வேறொரு பணி. திட்டத்திற்கு நிதி ஒதுக்கீடு செய்வதாலேயே திட்டம் நிறைவேறிவிடுவதில்லை என்பதை நிர்வாகத் துறையினர் நன்கு அறிவர். மரபணுவின் நிலையும் இதுவே.

1982ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்மிட்டர், பிரின்ஸ்டர் ஆகியோரின் குழு, எலியின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவைச் சுண்டெலியின் கருவுற்ற முட்டைகளில் செலுத்தியது. பிறந்த 21 சுண்டெலிகளில் 7 மட்டுமே அம்மரபணுவைப் பெற்றிருந்தன. அவற்றுள் 6 பெரிதாக வளர்ந்தன. பின்னர் நடைபெற்ற பல ஆய்வுகளிலும், ஒரே மரபணு சில விலங்குகளில் மிகுதியாகவும், சிலவற்றில் குறைவாகவும் இயங்கியது. சிலவற்றில் இயங்கவே இல்லை. இதற்குக் காரணம் யாது?

ஓர் உயிரணுவில் உள்ள டி.என்.ஏ. இழையின் மொத்த நீளம் சுமார் 2 மீட்டர். அது ஹிஸ்டோன் என்னும் புரதங்களின்மீது சுற்றப்பட்டு உட்கருவினுள் அடங்குகிறது. எட்டு ஹிஸ்டோன்கள் கொண்ட ஒரு தொகுதியை ஏறத்தாழ 147 இணைகள் நீளமுள்ள டி.என்.ஏ. சுற்றியிருக்கும். இவ்வமைப்பே நியூக்ளியோசோம்; இவற்றின் தொடரே குரோமாட்டின். அது தளர்ந்துள்ள பகுதிகளில் மரபணுக்கள் இயங்கும். இறுகியுள்ள பகுதிகளில் அவை பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். செலுத்தப்படும் மரபணு எங்கு சென்று அமையும் என்பது தற்செயலானது. இறுகிய பகுதியில் அமைந்தால் அது செயலற்றுப்போகும். வேறொரு மரபணுவின் தூண்டுபகுதிக்கு அருகில் அமைந்தால், தேவையற்ற திசுவிலும் இயங்கக்கூடும். இதனையே இட விளைவு என்பர்.

இத்தடையைக் கடக்கும் வழியை 1987இல் குரோஸ்வெல்டு குழுவினர் காட்டினர். மனிதனின் பீட்டா குளோபின் மரபணுவோடு, அதற்குத் தொலைவில் உள்ள கட்டுப்பாட்டுப் பகுதிகளையும் சேர்த்துச் சுண்டெலிகளில் செலுத்தினர். மரபணு எவ்விடத்தில் அமைந்தாலும், படிகளின் எண்ணிக்கைக்கேற்ப அது இயங்கியது. அப்பகுதிகள் குரோமாட்டினைத் திறந்த நிலையில் வைத்திருந்தன. 1993இல், அண்டைப் பகுதிகளின் தாக்கத்தைத் தடுக்கும் காப்புத் தொடர் ஒன்று கோழியின் குளோபின் மரபணுத் தொகுதியில் கண்டறியப்பட்டது.

இதன் பொருளாதார முக்கியத்துவம் தெளிவானது. ஸ்காட்லாந்தில் 1990இல் பிறந்த டிரேசி என்னும் செம்மறியாடு, ஒரு லிட்டர் பாலில் சுமார் 35 கிராம் மனிதப் புரதத்தைச் சுரந்தது. அதே மரபணுவைப் பெற்ற பிற ஆடுகள் அந்த அளவை எட்டவில்லை. பசு போன்ற விலங்கில், மரபணு இயங்குகிறதா என்பதைப் பாலின்மூலம் அறியச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதுவரை செலவிட்ட பணம் முடங்கிக் கிடக்கும்.

எனவே, இத்தகைய ஆய்வுத் திட்டங்களைப் பரிசீலிப்போர், எந்த மரபணு என்பதோடு நின்றுவிடலாகாது. அது எங்கு அமையும், அங்குள்ள குரோமாட்டின் எத்தன்மையது, அடுத்த தலைமுறையிலும் அது இயங்குமா என்னும் மூன்று வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். குறித்த இடத்தில் மரபணுவைப் பொருத்தும் முறைகள் இன்று கைவந்துள்ளமையால், இவ்வினாக்களுக்கு முன்கூட்டியே விடை கோருவது இயலக்கூடியதே.