தலைக்குறி நீக்கமும் ஒரு புள்ளி படுத்திய பாடும்

(மூன்றாமாண்டு, கணினிப் பொறியியல் துறை)



"துறைக்கு ஒரு பாடக் கட்டுரை வேண்டும்" என்று மலர்க்குழு கேட்டபோது, எங்கள் வகுப்பில் எல்லோருடைய விரலும் என் பக்கம் நீண்டது. நான் நன்றாகப் படிக்கிற ஆள் என்பதால் அல்ல. இந்த ஆண்டு எங்கள் லேபில் நடந்த பெரிய தப்பு என்னுடையது. "அதையே எழுதிடுப்பா" என்றார்கள். எழுதிவிட்டேன். வைவாவுக்கு உதவுகிற பகுதியும் நடுவில் இருக்கிறது; பொறுமையாகப் படிக்கவும்.

முதலில் விஷயத்துக்கு வருவோம். பிரெஞ்சு, போர்த்துகீசு, போலந்து, வியட்நாம் மொழிகளை ஆங்கில எழுத்துகளில்தான் எழுதுகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த எழுத்துகளின் தலையில் சாய்கோடு, அலைக்கோடு, இரட்டைப் புள்ளி என்று குறிகள் உண்டு. சிலவற்றுக்குக் காலிலும் கொக்கி உண்டு. நம் விசைப்பலகையில் அவை கிடையாது. நாம் மொட்டையாகத் தட்டச்சு செய்கிறோம். டேட்டாபேஸ் "அப்படி ஒன்று இல்லை" என்கிறது.

எனது மினி புராஜெக்ட் உலக ஊர்த் தேடல். ஜியோநேம்ஸ் என்ற அமைப்பு உலக ஊர்ப் பெயர்களை இலவசமாகத் தருகிறது. அதில் 15,000 பேருக்கு மேல் வாழும் ஊர்களின் கோப்பை இறக்கி, போஸ்ட்கிரஸ் டேபிளில் ஏற்றினேன். பிரேசிலின் சாவோ பாவ்லோவைத் தேடினேன். எஸ், ஏ, ஓ என்று சாதாரணமாக அடித்தேன். பூஜ்யம் வரிசை! உலகத்தின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று, என் டேபிளில் இல்லை. அரை மணி நேரம் கோப்புதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பிறகு ஸ்க்ரோல் செய்து பார்த்தால் ஊர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. நடுவில் உள்ள ஏ எழுத்தின் தலையில் ஓர் அலைக்கோடு.

ஏன் கிடைக்கவில்லை? கணினிக்கு எழுத்தே தெரியாது, எண்தான் தெரியும். 1963-இல் வந்த ஆஸ்கி முறையில் மொத்தம் 128 எண்கள். அதில் சிறிய ஏ எழுத்துக்கு 97. தலைக்குறி போட்ட எழுத்துக்கு அதில் இடமே இல்லை. யூனிகோடில் அலைக்கோடு போட்ட ஏ எழுத்துக்குத் தனி எண், 227. ஆகவே 97 வேறு, 227 வேறு. கண்ணுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் க்வெரிக்கு யாரோ எவரோ.

இதில் இன்னொரு வேடிக்கை. அதே எழுத்தை இரண்டு எண்களாகவும் எழுதலாம்: முதலில் 97, அடுத்து 771. இந்த 771 என்பது "முன்னால் நிற்பவன் தலையில் அலைக்கோடு போடு" என்று சொல்லும் ஒட்டுக்குறி. திரையில் இரண்டு வகையும் ஒன்றுபோலவே தெரியும். ஒப்பிட்டால் ஒத்துப்போகாது. இதற்காகத்தான் யூனிகோடில் நார்மலைசேஷன் வைத்திருக்கிறார்கள். என்எஃப்டி என்றால் பிரித்து எழுதுவது, என்எஃப்சி என்றால் சேர்த்து எழுதுவது. நம் தமிழ் வகுப்பில் படித்த பிரித்து எழுதுக, சேர்த்து எழுதுகதான். அன்றைக்கு ஒழுங்காகப் படித்திருந்தால் இன்றைக்கு உபயோகப்பட்டிருக்கும்.

தலைக்குறி நீக்கும் வழி இப்போது விளங்கியிருக்கும். பிரித்து எழுது, ஒட்டுக்குறிகளைத் தூக்கிப் போடு, மிச்சத்தைச் சேர்த்து எழுது. 97, 771 என்பது 97 ஆகிவிடும்.

எல்லாம் இப்படி அடங்காது. போலந்தில் வூச் என்றொரு நகரம். பெயரில் நாலே எழுத்து, நாலில் மூன்றுக்குக் குறி. முதலெழுத்தான எல் எழுத்தின் குறுக்கே ஒரு கோடு போகிறது. அந்த எழுத்துக்கு எண் 321 (சிறிய எழுத்துக்கு 322), அதைப் பிரிக்கவே முடியாது, யூனிகோடில் அதற்குப் பிரிவு கொடுக்கப்படவில்லை. ஆகவே மற்ற இரண்டு குறிகளும் போய், அந்தக் கோடு மட்டும் நிற்கும். டென்மார்க்கின் கோடு போட்ட ஓ எழுத்தும், வியட்நாமின் கோடு போட்ட டி எழுத்தும் இதே ரகம். இவற்றுக்கு ஒரு மாற்றுப் பட்டியல் வேண்டும். போஸ்ட்கிரஸில் 2010-இல் வந்த 9.0 பதிப்பிலிருந்து அன்ஆக்சென்ட் என்ற எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. அதில் அப்படியொரு பட்டியல் தயாராக உண்டு.

வேறு டேட்டாபேஸ்களில் எழுத்தை மாற்றாமலே ஒப்பிடும் விதியை மாற்றலாம். அதற்குப் பெயர் கொலேஷன். எஸ்கியூஎல் சர்வரில் கொலேஷன் பெயரின் கடைசியில் ஏஐ என்று இருந்தால் குறியைப் பார்க்காதே, ஏஎஸ் என்று இருந்தால் பார் என்று பொருள். மைஎஸ்கியூஎல் 8.0 (2018) முதல் பொதுவாக அமைந்து வரும் கொலேஷனே ஏஐ வகைதான். அதனால்தான் பக்கத்து மெஷினில் மைஎஸ்கியூஎல் போட்டிருந்த நண்பனுக்கு சாவோ பாவ்லோ உடனே வந்தது. அவன் ஏதோ சாமர்த்தியம் செய்துவிட்டான் என்று ஒரு நாள் முழுக்க அவனிடம் பேசாமல் இருந்தேன்.

வைவாவில் கேட்பார்கள், குறித்துக்கொள்ளுங்கள். வேர் பகுதியில் காலத்தின் மீது பங்ஷன் போட்டால் அந்தக் காலத்தின் மேல் உள்ள சாதாரண இண்டெக்ஸ் பயன்படாது. இண்டெக்ஸ் குறியோடு உள்ள பெயரை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது, நாம் கேட்பதோ குறியில்லாத பெயரை. டேட்டாபேஸ் ஒவ்வொரு வரிசையாக எடுத்து, குறியை நீக்கி நீக்கிப் பார்க்க வேண்டும். சரி, குறி நீக்கிய பெயருக்கே இண்டெக்ஸ் போடலாம் என்றால், போஸ்ட்கிரஸ் அன்ஆக்சென்ட் பங்ஷனை நேராக இண்டெக்ஸில் ஏற்காது. அதன் பட்டியலை நாளைக்கு யாராவது திருத்தினால் விடையும் மாறும் அல்லவா? மாறாத பங்ஷன்தான் இண்டெக்ஸுக்கு ஆகும். எளிய வழி, தேடலுக்கென்று இன்னொரு காலம் வைத்துக்கொள்வது. ஜியோநேம்ஸ் கோப்பே அப்படித்தான் இருக்கிறது: பெயர் ஒரு காலம், ஆஸ்கிப் பெயர் இன்னொரு காலம். அசல் அசலாக இருக்கிறது, தேடலுக்கு வேறு. இந்த ஒரு வரியை நான் அன்று கவனித்திருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது.

குறி என்பது அழகுக்கு வைத்தது என்று நினைத்துவிடக் கூடாது. வியட்நாம் மொழியில் 'மா' என்ற ஒரே அசைக்கு ஆறு தொனி. குறியில்லாமல் எழுதினால் பேய், சாய்கோடு போட்டால் தாய், கீழே புள்ளி வைத்தால் நாற்று, அலைக்கோடு போட்டால் குதிரை, இன்னும் இரண்டு குறிக்கு 'ஆனால்' என்றும் கல்லறை என்றும் பொருள். குறியை நீக்கினால் தாயும் பேயும் ஒன்று! ஸ்பானிய மொழியில் ஆண்டு என்ற சொல்லில் உள்ள என் எழுத்தின் குறியை எடுத்தால் வருகிற சொல்லை மலர்க்குழு அச்சிட மாட்டார்கள். சுவீடனில் இரட்டைப் புள்ளி ஓ எழுத்து ஓ-வின் தம்பியே அல்ல. அகரவரிசையின் கடைசியில் நிற்கும் தனி எழுத்து. ஜெர்மன்காரர்களோ அதைக் குறியில்லாமல் எழுத நேர்ந்தால் ஓ, ஈ என்று இரண்டு எழுத்தாக எழுதுவார்கள். ஆகவே குறி நீக்கித் தேடலாம். ஆனால் அச்சாகப் பொருந்துவது மேலே, மற்றது கீழே என்று ஆர்டர் பை போட்டுக் காட்டுவதே முறை.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

பைத்தானில் இதற்கு நாலு வரி ப்ரோக்ராம் ஒன்று எல்லா இடத்திலும் கிடைக்கிறது. என்எஃப்டி செய்; யூனிகோடில் 'எம்என்' என்ற வகுப்பில் உள்ளவற்றை எல்லாம் நீக்கு; முடிந்தது. எம்என் என்றால் தனக்கென்று அகலம் பிடிக்காமல் இன்னொரு எழுத்தின் மேலோ கீழோ ஒட்டுகிற குறி. நானும் அதையே எழுதி, கடைசியில் என்எஃப்சி சேர்த்தேன். சாவோ பாவ்லோ வந்தது, சூரிக் வந்தது. கோப்பில் தமிழ்ப் பெயர்களும் இருந்தன. மதுரை, ஈரோடு, பழனி மூன்றையும் போட்டுப் பார்த்தேன். மூன்றும் சரி. சார் கையெழுத்துப் போட்டார்.

அதே வாரம் பேரவைச் செயலாளர் இரத்ததானப் பட்டியலைக் கொண்டுவந்தார். பதினெட்டு நிரம்பியவர்கள்தான் இரத்தம் தரலாம் என்பதால் மூன்றாமாண்டு மாணவர்கள், ஆசிரியர்கள், ஒர்க்‌ஷாப் ஊழியர்கள், பழைய மாணவர்கள் அதில் இருந்தார்கள். நீள நோட்டில் இருந்ததை ஆளுக்குக் கொஞ்சமாகச் செல்போனில் அடித்து அனுப்பியிருந்தார்கள். தேடும் பக்கத்தை ஒரு நண்பன் செய்தான். ஒரே குறை, 'பொ'வில் தொடங்கும் சில பெயர்கள் தேடினால் வரவில்லை. காரணம் எனக்குத் தெரிந்ததுதான். ஒகரக் குறிக்கு 3018 என்று ஒரே எண் உண்டு. அதையே 3014, 3006 என்று எகரக் கொம்பும் காலுமாக இரண்டு எண்களாகவும் அடிக்கலாம். நம் பங்ஷன்தான் சேர்த்து எழுதுமே என்று, எல்லாக் காலத்துக்கும் அதையே ஓட்டினேன். புதுக் காலம் போடவில்லை. நேராக அப்டேட். பேக்கப் எடுக்கவில்லை. 'பொ' எல்லாம் வந்தது. சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் இரவு ஒரு பிரசவத்துக்கு ஓ நெகட்டிவ் வேண்டும் என்று செயலாளருக்குப் போன். அவர் செல்போனில் "ஓ நெகட்டிவ்" என்று தேடினார். "பதிவு எதுவும் இல்லை." எங்களிடம் யாரும் இல்லையே, மன்னிக்கணும் என்று சொல்லிவிட்டார். ஹாஸ்டலில் அவர் பக்கத்தில் இருந்தவன், "என்னண்ணே, சிவில்ல ஒரு பையன் இருக்கானே, நோட்டுல நான்தான எழுதினேன்" என்றிருக்கிறான். திரும்பப் போன் போட்டு, பையனை எழுப்பி, பைக்கில் கொண்டுபோய் விட்டார்கள். பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த நோட்டை எழுதியவன் அன்று ஊருக்குப் போயிருந்தால்?

காலையில் டேபிளைத் திறந்தேன். "நெகடடிவ" என்றிருந்தது. எல்லா வரிசையிலும் புள்ளியைக் காணோம்.

நம் புள்ளியின் எண் 3021. யூனிகோடில் அதன் வகுப்பு எம்என், சாவோ பாவ்லோவின் அலைக்கோட்டுக்கு உள்ள அதே வகுப்பு. போர்த்துகீசுத் தலைக்குறியை நீக்கச் சொன்னேன். ப்ரோக்ராம் தமிழ்த் தலைக்குறியையும் நீக்கிவிட்டது. அதன் பேரில் குற்றமில்லை. அதைவிட ஆச்சரியம், இகரக் குறி எம்என் இல்லை, ஈகாரக் குறி (3008) எம்என். ஆகவே தி பிழைக்கும், தீ அணைந்துவிடும். வீடு வடு ஆயிற்று. கீரை கரை ஆயிற்று. பாட்டி "பாடடி" ஆனாள். இதைச் சொல்லி வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். தந்தை பெயர்க் காலத்தில் என் வரிசைக்கு வந்ததும் சிரிப்பு வரவில்லை. எங்கள் அப்பா பெயர் சீனி என்று தொடங்கும். சனி என்று இருந்தது. அப்பாவுக்கு எழுதத் தெரிந்த ஒரே சொல் அந்தப் பெயர்தான்; ஈகாரச் சுழியை மட்டும் நிறுத்தி நிதானமாகப் போடுவார்.

மதுரையும் ஈரோடும் பழனியும் ஏன் தப்பித்தன என்று இப்போது தெரிகிறதா? மூன்றிலும் புள்ளியும் இல்லை, ஈகாரக் குறியும் இல்லை. சேலம் என்று ஒரு தடவை போட்டுப் பார்த்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். இன்னொரு பைத்தான் முறையில் வகுப்பைப் பார்க்காமல் கம்பைனிங் எண்ணைப் பார்த்து நீக்குவார்கள். அதில் ஈகாரம் தப்பும். புள்ளி அப்போதும் போகும். இந்தி எழுத்துகளுக்கும் இந்த எம்என் முறையால் இதே கதிதான்.

திருத்தம் ஒரே வரி. 768 முதல் 879 வரை உள்ள ஒட்டுக்குறிகளை மட்டும் நீக்கு என்று எழுத வேண்டும். ஐரோப்பியத் தலைக்குறிகள் அதற்குள் அடங்கிவிடும். தமிழ் 2944-இல்தான் தொடங்குகிறது, அதைத் தொடாது. கடைசியில் என்எஃப்சி மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் கோவை, கொம்பு தனி, கால் தனியாகப் பிரிந்தே கிடக்கும், தேடினால் வராது. தேடலுக்குத் தனிக் காலம். பயனர் அடிக்கும் சொல்லையும் அதே பங்ஷனில் போட்டுத்தான் ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த இரவே சாட்சி.

போன புள்ளியைத் திரும்ப வைக்கப் ப்ரோக்ராம் எழுத முடியாது. 'பல' என்று இருந்தால் பல்லா, பலவா, யாருக்குத் தெரியும்? நோட்டை வைத்துக்கொண்டு நானும் இரண்டு நண்பர்களும் இரண்டு மாலை உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி அடித்தோம். ஒருவன் வாசிக்க, ஒருவன் அடிக்க, ஒருவன் சரிபார்க்க. இரத்த வகைக் காலத்தை இப்போது யாரும் தட்டச்சு செய்வதில்லை. எட்டு வகையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி மாற்றிவிட்டோம். "பதிவு எதுவும் இல்லை" என்று வருகிற இடத்தில் "நோட்டையும் பார்க்கவும்" என்று சேர்த்திருக்கிறோம். நோட்டு பேரவை அறையில், பீரோவின் மேல் தட்டில் இருக்கிறது. பெயர் கொடுக்க விரும்புகிற மூன்றாமாண்டுத் தோழர்கள் மதிய இடைவேளையில் வந்து, தங்கள் கையாலேயே எழுதிவிட்டுப் போகலாம்.