மரத்தொட்டியும் நீரின் அழுத்தமும்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

மீன் தொட்டி என்றதும் கண்ணாடிப் பெட்டியே நம் நினைவுக்கு வரும். இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் 1853-ஆம் ஆண்டிலும், சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டிலும் மீன் காட்சியகங்கள் திறக்கப்பட்டன. இன்று வீடுகளிலும் மீன் வளர்ப்போர் பலர். ஆனால் பெரிய தொட்டிக்கு எல்லாப் பக்கமும் கனத்த கண்ணாடி வாங்குவது நம் போன்றோர்க்கு எளிதன்று. முன்பக்கம் மட்டும் கண்ணாடி, மற்றவை மரம் என்றால் செலவு குறையும். மரம் தாங்குமா என்பதே கேள்வி.

என் தந்தையார் தச்சுத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். இத்தொட்டிக்காக அவர் தம் ஒரு மாதக் கூலியை எடுத்து வைத்துவிட்டு, "நீ படிச்ச கணக்குல இது நிக்குமா, சொல்லு கண்ணு" என்றார். தேர்வில் கணக்குத் தவறினால் மதிப்பெண் போகும். இங்கே தவறினால் கூலி போகும்.

நீர் எவ்வளவு தள்ளும்?

எங்கள் தொட்டியின் நீளம் 2 மீட்டர், அகலம் 80 செ.மீ., நீரின் உயரம் 60 செ.மீ. கொள்ளளவு 960 லிட்டர். அதாவது நீரின் எடை மட்டும் 960 கிலோ.

நீரின் மேற்பரப்பில் சுவர்மீது அழுத்தம் இல்லை. அடியில் ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் 60 கிராம் எடை அழுத்துகிறது. சராசரி 30 கிராம். முன்சுவரின் பரப்பு 12,000 சதுர செ.மீ. எனவே மொத்தத் தள்ளுவிசை 360 கிலோ எடைக்குச் சமம்.

தொட்டியின் அகலம் இக்கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அகலத்தை இருமடங்காக்கினாலும் முன்சுவருக்கு அதே 360 கிலோதான். உயரத்தை இருமடங்காக்கினாலோ நான்கு மடங்கு, 1,440 கிலோ! இதனை ஸ்டெவின் என்னும் அறிஞர் 1586-லேயே விளக்கினார். 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட நமது பவானிசாகர் அணையும் இதற்குச் சான்று. பின்னால் எத்தனை மைல் நீர் பரந்திருந்தாலும், கரையைத் தள்ளும் அழுத்தத்தைத் தீர்மானிப்பது நீரின் ஆழமே. அந்த மண் கரை அடியில் அகன்றும் மேலே குறுகியும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மொத்த விசையும் செயல்படும் புள்ளி, அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், அதாவது 20 செ.மீ.-இல் அமைகிறது. கணக்கை முடிக்குமுன்பே தந்தையார், "பட்டையை அடிப்பக்கமாத்தான் வெக்கோணும்" என்று பென்சிலால் கோடு போட்டிருந்தார். அளந்தேன், ஒரு சாண். அவர் கை அறிந்ததைத்தான் என் புத்தகமும் சொன்னது.

ஏன் ஒட்டுப்பலகை?

தேக்குப் பலகை உறுதியானதே. ஆயினும் ஈரம் பட்டால் மரம் நார் ஓடும் திசையில் மிகக் குறைவாகவும், குறுக்கே அதிகமாகவும் உப்பும், மூட்டு விரியும். ஒட்டுப்பலகையில் அடுத்தடுத்த ஏடுகள் நார் குறுக்காக அமையும்படி ஒட்டப்படுவதால் ஒன்றை மற்றொன்று கட்டுப்படுத்தும். நீர் தாங்கும் தரமுள்ள 18 மி.மீ. பலகையையே வாங்கினோம்.

செய்முறை

1. பக்கப் பலகைகளை அடிப்பலகையின்மேல் நிறுத்திப் பசையும் திருகாணியும் இட்டு இணைக்கவும்.
2. முன்னும் பின்னும் வெளியே பிதுங்காதபடி மேல்விளிம்பில் குறுக்குச் சட்டங்கள் பூட்டவும்.
3. உள்மூலைகளில் கண்ணாடி நார்த்துணி ஒட்டி, உட்புறம் முழுவதும் எபாக்சிப் பிசின் பல முறை பூசவும்.
4. கண்ணாடியைச் சட்டத்தின் உட்புறமாகச் சிலிக்கோன் பசையால் பதிக்கவும். அப்போது நீரே அதனைச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்கும்.
5. பசையின் காடி நாற்றம் முற்றும் நீங்கும்வரை காத்திருக்கவும். அது அசெட்டிக் அமிலத்தின் மணம்.

நீரைக் கால் பாகம், அரைப் பாகம் என நாளுக்கு நாள் உயர்த்தினோம். ஒவ்வொரு முறையும் தந்தையார் மூட்டுகளைத் தடவிப் பார்த்தார்; நான் பலகையின் வளைவை நூல் கட்டி அளந்தேன். நான்காம் நாள் தொட்டி நிறைந்தது. ஒரு சொட்டும் கசியவில்லை.

உடனே மீன்களைக் கூட்டமாக விடலாகாது. மீன் கழிவிலுள்ள அம்மோனியா நஞ்சு. அதனை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும். முதலில் இரண்டொரு மீன்கள் போதும்.

நண்பர்களே! நம் வீடுகளில் உளி பிடிப்போரும் ஏர் பிடிப்போரும் உள்ளனர். பாடத்தில் ஒரு சூத்திரம் வந்தால் அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கும் பயன்படும், நமக்கும் விளங்கும்.