சைக்கிளுக்கு உள்ளே ஒளிந்திருக்கும் துரு



போன புரட்டாசி மாசம் எங்க அப்பா பால் கேனோடு போகும்போது சைக்கிள் பிரேம் உடைந்து கீழே விழுந்துவிட்டார். கையில் ஆறு வாரம் மாவுக்கட்டு. வெளியே பெயிண்ட் பளபளன்னுதான் இருந்தது. வாராவாரம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவியது நான்தான்! உடைந்த குழாயைத் தட்டினேன். ஒரு கைப்பிடி செந்தூள் கொட்டியது.

துரு எப்படிப் பிடிக்கிறது?

இரும்பு + ஆக்சிஜன் + நீர் → துரு (நீரேறிய இரும்பு ஆக்சைடு)

காற்றும் தண்ணீரும் சேர்ந்து இருந்தால்தான் ஆணி துருப்பிடிக்கும் என்று ஆய்வகத்தில் பார்த்தோமே, அதே கதைதான் இங்கேயும். சீட் கம்பி ஓரமாகத் தண்ணீர் உள்ளே இறங்கி, பெடல் அச்சு இருக்கும் உருளையில் தேங்குகிறது. குழாயின் உள்பக்கம் பெயிண்ட் கிடையாது. துரு உதிர உதிர, புது இரும்பு வெளியே தெரியும். அதுவும் துருப்பிடிக்கும். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் இன்னும் சீக்கிரம்.

தடுப்பது எப்படி?

1. கடையில் பெடல் அச்சை சர்வீஸுக்குக் கழற்றும்போதே இதைச் செய்யுங்கள். இல்லையென்றால் எண்ணெய் பால்ஸில் ஒட்டி இறுகிவிடும்.

2. சீட் கம்பியையும் கழற்றி, பிரேமைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்து, வெயிலில் நன்றாகக் காய வையுங்கள்.

3. பெயிண்ட் கடையில் காய்ச்சிய லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) கிடைக்கும். குழாய்களுக்குள் கொஞ்சம் ஊற்றி, எல்லாப் பக்கமும் சாய்த்து உருட்டி, மிச்சத்தை வடித்துவிடுங்கள். சில நாளில் காய்ந்து தோல் மாதிரிப் படியும். காற்றும் நீரும் இரும்பைத் தொடாது. தேங்காய் எண்ணெய் இப்படிக் காயாது.

4. சீட் கம்பிக்கு கிரீஸ் தடவி மாட்டுங்கள்.

ஜாக்கிரதை! லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காய வையுங்கள்.

ஏற்கெனவே அரித்த குழாய்க்கு எண்ணெய் பலம் தராது. பெயிண்ட் கொப்புளம் போல எழும்பியிருந்தால் ஓட்டாமல் கடையில் காட்டுங்கள்.

இப்போது அப்பா வேறு பழைய சைக்கிள் வாங்கியிருக்கிறார். கடைக்கார அண்ணன் அச்சைக் கழற்றித் தந்தார், எண்ணெய் ஊற்றியது நான். இனிமேல் குடம் கிடையாது, ஈரத்துணிதான்!

ஐப்பசி மழைக்கு முன்னே உங்க வீட்டு சைக்கிளையும் ஒருமுறை பாருங்கள்.

– 9-ஆம் வகுப்பு மாணவி