பேத்தை மீனின் நஞ்சும் நரம்புத் துடிப்பும்

அச்சமுற்றால் நீரை விழுங்கிப் பந்துபோல் உப்பிக்கொள்ளும் மீனை நம் மீனவர் பேத்தை என்பர். இதன் ஈரலிலும் சினையிலும் மிகுதியாகக் காணப்படும் நஞ்சுக்கு டெட்ரோடோடாக்சின் என்று 1909-இல் பெயரிட்டவர் ஜப்பானிய அறிஞர் தஹாரா. ஓரிரு மில்லிகிராமே ஒருவரைக் கொல்லப் போதும். எவ்வளவு நேரம் வேகவைப்பினும் இந்நஞ்சு அழிவதில்லை.

இது செயற்படும் விதத்தை உணர, நரம்பில் செய்தி செல்லும் முறையை முதற்கண் நோக்குதல் வேண்டும். ஓய்வு நிலையில் நரம்பிழையின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட்டு எதிர்மின் தன்மை உடையது. தூண்டப்பெற்றவுடன் இழையின் சவ்விலுள்ள சோடியம் வாயில்கள் திறக்கின்றன. சோடியம் அயனிகள் உட்பாய்கின்றன. உட்புறம் நேர்மின் தன்மை எய்துகிறது. இம்மாறுதல் அடுத்த பகுதியைத் தூண்ட, துடிப்பு இழை நெடுகப் பரவுகிறது. பின்னர்ப் பொட்டாசியம் அயனிகள் வெளியேறப் பழைய நிலை மீள்கிறது. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி ஆகியோர் ஊசிக் கணவாயின் பெருநரம்பிழையில் இதனை ஆராய்ந்து 1952-இல் வெளியிட்டனர்.

பேத்தையின் நஞ்சு சோடியம் வாயிலின் வெளிமுகத்தில் தக்கைபோல் பொருந்தி அதனை அடைத்துவிடுகிறது. பொட்டாசியத்தின் வழியை அது தீண்டுவதில்லை. சிங்கி இறாலின் நரம்பிழையைக் கொண்டு நராஹாஷியும் உடனாய்வாளரும் 1964-இல் இதனை மெய்ப்பித்தனர். பேத்தைக்குமட்டும் தீங்கு நேராதது ஏன் என்று வகுப்பில் எவரேனும் வினவாதிரார். அதன் சோடியம் வாயில்களின் அமைப்புச் சற்றே வேறுபட்டிருத்தலால், நஞ்சு அங்கே இறுகப் பற்றுவதில்லை.

நஞ்சுண்டவருக்கு முதலில் உதடும் நாவும் மரத்துப்போகும். குமட்டலும் கைகால் தளர்ச்சியும் பேச்சுக் குழறலும் தொடரும். இறுதியில் மூச்சுத் தசைகள் செயலறும். மாற்று மருந்து இல்லை. எனினும், இதயத் தசையின் சோடியம் வாயில்கள் இந்நஞ்சால் எளிதில் அடைபடுவதில்லை. நஞ்சும் வாயிலை அடைக்கின்றதேயன்றிச் சிதைப்பதில்லை. சிறிது சிறிதாக அது உடலினின்றும் நீங்கிவிடும். 24 மணி நேரம் உயிர் தாங்கியவர் பெரும்பாலும் நலமடைவர்.

ஆதலின், மூச்சுத் தளரக் கண்டவுடன் செயற்கைச் சுவாசம் தொடங்கி, மருத்துவமனை சேரும்வரை இடைவிடாது நடத்துதல் வேண்டும். அசைவின்மை கண்டு இறந்தார் எனத் துணிதல் கூடாது. விழியும் அசையாது கிடப்பவர் முழு நினைவுடன் அருகிலுள்ளோர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருத்தல் கூடும். எஞ்சிய மீனைப் பிறர் உண்ணாதபடி எடுத்து, நோயாளியுடனேயே மருத்துவருக்கு அனுப்புக.