பெரிபெரி நோயும் புழுங்கல் அரிசியும்

குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும் வட்டாரத்தில் சாமை, கேழ்வரகு, நெல் ஆகியவை வழிவழியாகப் பயிராகி வந்தவை. கைக்குத்தலாக உண்ட நாளில் தவிடும் முளையும் ஓரளவு உணவில் சேர்ந்தன. நெல்லையும் சாமையையும் ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டினால், தயமின் எனும் வைட்டமின் பி-1 சத்து தவிட்டோடு போய்விடும். இச்சத்துக் குறைவால் வருவதே பெரிபெரி.

அறிகுறிகள்

கால் மரத்துப் போதல், பாத எரிச்சல், கெண்டைச் சதை வலி, குந்தி எழ முடியாமை ஆகியவை முதலில் தோன்றும். பின்னர் கால் வீங்கி, மூச்சு வாங்கி, இதயம் பாதிக்கப்படலாம். தாய்க்கு இச்சத்து குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். சில மாதக் குழந்தை குரல் கம்மி, வாந்தி எடுத்து, மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தயமின் ஊசியால் விரைவில் தேறும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

ஆராய்ச்சி கண்ட உண்மை

1890களில் ஜாவாவில் டச்சு மருத்துவர் எய்க்மன், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தீட்டாத அரிசியால் தேறுவதையும் கண்டார். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் தீட்டிய பச்சரிசி உண்ட ஆந்திர வடகடலோர மாவட்டங்களில் முன்பு இந்நோய் மிகுந்திருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ்நாட்டுப் பகுதிகளில் அரிதாகவே இருந்தது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் நீரில் கரைந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னர் தீட்டினாலும் பெரும்பகுதி தங்கும். 100 கிராமில் தயமின் அளவு: தீட்டிய பச்சரிசி 0.06 மி.கி., ஆலைப் புழுங்கல் அரிசி 0.21, சாமை 0.30, கேழ்வரகு 0.42.

செய்ய வேண்டியவை

1. வீட்டுத் தேவைக்கு நெல்லைப் புழுக்கியே அரைக்கவும். குருணையும் குறையும்.

2. சாமையை உமி நீக்கியதோடு நிறுத்தி, அதிகம் தீட்டாதிருக்கவும். தவிடுள்ள அரிசி விரைவில் சிக்கு வாடை அடிக்குமாதலால் அவ்வப்போது வேண்டிய அளவே அரைக்கவும்.

3. அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவ வேண்டாம். வடித்த கஞ்சியைக் கழுநீர்த் தொட்டியில் ஊற்றாமல் குடிக்கவும். அதில் இச்சத்து உள்ளது.

4. பயறு, நிலக்கடலை ஆகியவற்றை நாள்தோறும் சேர்க்கவும். வரப்பில் தட்டைப்பயறு ஊன்றினால் செலவின்றிக் கிடைக்கும்.

5. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று வெறும் பச்சரிசிச் சோறும் ரசமும் மட்டும் கொடுப்பது தவறு. பயறும் கேழ்வரகுக் கூழும் அவளுக்கே முதலில் தர வேண்டும். மாடு பால் கறக்கத் தவிடும் புண்ணாக்கும் வைக்கிறோம். பிள்ளைக்குப் பால் கொடுப்பவளுக்கும் சத்து வேண்டுமல்லவா?